கொட்டாத தேனீக்கள்

நெல்லிமலைக் காட்டில் கருக்கி என்றொரு தாய்க்கரடி இருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். எங்கே போனாலும் குட்டிகள் அதன் முதுகில் ஏறி, முடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சவாரி செய்யும்.

ஓடைக்கரை மருதமரத்தில் பெரிய தேனடை ஒன்று தொங்கியது. பசித்தபோதெல்லாம் கருக்கி மரமேறித் தேன் எடுக்கும். தேன் தித்திக்கும். ஆனால் இறங்கும்போது மூக்கு கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கும்!

ஒருநாள் கண்ணிமையிலேயே கொட்டு விழுந்தது. கருக்கிக்குப் பொறுக்க முடியவில்லை. ராணித் தேனீயைக் கூப்பிட்டது.

"ராணியம்மா! இப்படிக் கொட்டித் தீர்க்கிறீர்களே, இது நியாயமா?"

"எங்களுக்கு மட்டும் ஆசையா என்ன? கொட்டிய தேனீ பிழைப்பதில்லை. சாவது என் பிள்ளைகள்தான்" என்றது ராணி.

"அப்புறம் எதற்கு அந்த வம்பு? விட்டுவிடுங்கள்! பாதி அடையை நான் தொடவே மாட்டேன். மரத்துக்கும் நானே காவல் இருக்கிறேன்!"

ராணி சற்று யோசித்தது. "உன்னை மட்டும் கொட்டக் கூடாது, மற்றவர்களைக் கொட்டலாம் என்று சொன்னால் என் கூட்டம் குழம்பிப் போகும். நிறுத்தினால் எல்லோருக்கும்தான் நிறுத்த வேண்டும். சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்!" என்று குதித்தது கருக்கி.

அன்றைக்கு அது சாவகாசமாகக் கிளையில் உட்கார்ந்து தேன் தின்றது. ஒரு தேனீகூடக் கிட்டே வரவில்லை. குட்டிகளின் வாயெல்லாம் தேன். 'வாழ்ந்தால் இப்படியல்லவா வாழ வேண்டும்!' என்று நினைத்துக்கொண்டு கருக்கி இறங்கியது.

எதிர் மரத்திலிருந்து ஒரு குரங்கு இதைக் கவனித்தது. அதன் பெயர் சுட்டிவாலன்.

"அடடே! கரடியின் மூக்கு வீங்கவே இல்லையே!"

சுட்டிவாலன் மெல்லத் தாவி வந்து அடையில் ஒரு விரலை விட்டது. ஒன்றும் ஆகவில்லை. கையை விட்டது. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

"ஓடி வாருங்கள்! தேனீக்கள் கொட்டவில்லை!"

அவ்வளவுதான். குரங்குக் கூட்டம் முழுவதும் கிளை வழியாக வந்து குவிந்தது. பின்னாலேயே காக்கைகள் வந்தன. அணில்களும் வந்தன. கருக்கி உறுமிக்கொண்டு மரமேறியது. குரங்குகள் நுனிக்கிளைக்குத் தாவின. அங்கே கரடியால் போக முடியுமா? அது இந்தப் பக்கம் விரட்டினால் அவை அந்தப் பக்கம் தின்றன. இழுபறியில் அடை பிய்ந்து ஓடையில் விழுந்தது. தேனீக்குஞ்சுகளும் தண்ணீரோடு போயின.

"இதுவா உன் காவல்?" என்று கேட்டுவிட்டு, மிச்சமிருந்த கூட்டத்தோடு ராணி பறந்து போனது.

கோடை வந்தது. கறையானையாவது தின்னலாம் என்றால், புற்றுகள் கல்லாக இறுகிக் கிடந்தன. தோண்டித் தோண்டிக் கருக்கியின் நகம் தேய்ந்தது. குட்டிகளுக்கு முதுகில் ஏறக்கூடத் தெம்பில்லை.

பக்கத்து மலையின் பாறை இடுக்கில் தேனீக்கள் புதிதாக அடை கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு, கருக்கி குட்டிகளை மெல்ல நடத்திக்கொண்டு அங்கே போனது. தலையைத் தாழ்த்தி நின்றது.

"ராணியம்மா, என் பேச்சைக் கேட்டு நீங்கள் குஞ்சுகளை இழந்தீர்கள். தப்பு என்னுடையது. என் குட்டிகள் பட்டினி கிடக்கின்றன. கொஞ்சம் தேன் எடுத்துக்கொள்ளட்டுமா?"

"ஓரத்தில் எடுத்துக்கொள். ஆனால் இனி யார் தொட்டாலும் கொட்டுவோம். நீ தொட்டாலும்தான்!"

"தாராளமாகக் கொட்டுங்கள்!"

கருக்கி பாறையில் ஏறியது. மூக்கில், காதில், உதட்டில் சுரீர் சுரீரென்று கொட்டு விழுந்தது. கண்ணில் நீர் வழிய, ஓர் அடைத்துண்டைக் கவ்விக்கொண்டு இறங்கியது. குட்டிகள் ஆவலோடு நக்கித் தின்றன. கொஞ்ச நேரத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து விளையாடவும் தொடங்கின.

கரடியின் பின்னாலேயே வந்திருந்த சுட்டிவாலன் தூரத்துக் கிளையில் எச்சில் ஊற உட்கார்ந்திருந்தது. கிட்டே வரத் தைரியமில்லை.

"ஐயோ, கரடியக்கா! முகத்தைப் பார்த்தாயா? பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது!" என்று அது சிரித்தது.

"ஆகட்டும் தம்பி! இந்த வலி இல்லாவிட்டால் இந்தத் தேன் இதற்குள் உன் வயிற்றில் அல்லவா இருந்திருக்கும்!"

கருக்கி பாறையை நிமிர்ந்து பார்த்தது. வீங்கிய உதட்டால் தட்டுத் தடுமாறிச் சொன்னது: "ராணியம்மா, தேன் தந்ததற்கு நன்றி. கொட்டியதற்கும் நன்றி!"

இன்பத்துக்கு மட்டுமல்ல, அந்த இன்பத்தை நமக்காகக் காத்து வைத்த துன்பத்துக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.