ராஜா வராத ஒத்திகை

சீடர் குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அதில் அவர்கள் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

குருவின் பெயர் பூங்கோதை. உடுமலைப்பேட்டையில் கோடை விடுமுறைதோறும் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போடுகிறவள். சீடர் திருமூர்த்தி, நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் நாடகப் பைத்தியம் பிடித்து அவளிடம் வந்து சேர்ந்தார். அவர் அவளை 'டீச்சர்' என்பார். அவள் அவரை 'அண்ணா' என்பாள்.

இந்த வருடம் அவள் முழு நாடகத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"இதை மேடையேத்திட்டீங்கன்னா அடுத்த கோடைக்கு உங்க ஊர்லயே தனியா முகாம் போடலாங்ணா," என்றாள்.

அன்றோடு திருமூர்த்திக்குத் தூக்கம் போயிற்று. சொந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஊரில் பாதிப் பேரிடம் சொல்லியும் விட்டார். இனிப் பின்வாங்கினால் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

நாடகம், ஆற்றை விற்ற ஒரு ராஜாவைப் பற்றியது. ஒத்திகை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். முகூர்த்த நாளில் அங்கே பந்தி நடக்கும். அன்று ராஜா, மந்திரி, படை பரிவாரம் எல்லாரும் பின்பக்க வேப்பமரத்தடிக்குக் குடிபோகவேண்டும். வைகாசியில் முகூர்த்தத்துக்கா பஞ்சம்? ராஜா வாயைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே கெட்டிமேளம் கொட்டினார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளை என்ன செய்வது? கோடை விடுமுறையில் ஒரு பிள்ளையை ஒரே ஊரில் பிடித்துவைக்க யாரால் முடியும்? மந்திரியை நீட் கோச்சிங்கில் சேர்த்துவிட்டார்கள். சேனாதிபதி சென்னையில் மாமா வீட்டுக்குப் போய்விட்டான். ஆற்றை விலைக்கு வாங்கும் வியாபாரிக்கு அம்மை போட்டது. ராஜாவாக நடிக்கும் தர்ஷனின் ஊரிலோ மாரியம்மன் திருவிழாவுக்கு நோம்பி சாட்டிவிட்டார்கள். நோம்பி சாட்டிவிட்டால், முடிகிறவரை ஊர்க்காரர்கள் வெளியூரில் இராத்தங்கக் கூடாது. அவன் அதையே சாக்காக வைத்து ஊரோடு இருந்துகொண்டான்.

திருமூர்த்தி அசரவில்லை. மந்திரி வராத நாளில் மந்திரியாக நின்றார். சேனாதிபதி இல்லையென்றால் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு சேனாதிபதியானார். துண்டைத் தலையில் கட்டி ராஜாவாக உட்கார்ந்து உத்தரவு போடுவார், உடனே எதிர்ப்பக்கம் ஓடிப்போய் அந்த உத்தரவுக்குத் தானே தலைவணங்குவார். மனிதருக்கு வேர்த்து ஊற்றும். பிள்ளைகளுக்கு அது நல்ல வேடிக்கை. ஆனால் வேடிக்கை பார்க்க வருகிற கூட்டமும் நாளுக்கு நாள் குறைந்தது.

நாடகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் பூங்கோதையின் வீட்டுக்குப் போனார். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்திப்போடலாங்க டீச்சர்."

"எதையுங்ணா?"

"நாடகத்தைத்தானுங்க. என்னால ஆகலைங்க. வீடு வீடா போன் பண்ணித் தொண்டை கட்டிப்போச்சு. வராத பிள்ளைகளை எப்படிங்க வரவைக்கறது? உங்களுக்கு மட்டும் எப்படிங்க வந்தாங்க?"

பூங்கோதை கீரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாளைக்கு நான் வர்றேன். நீங்களும் வாங்க. ஆனா வாயைத் தொறக்கக் கூடாது."

"சரிங்க."

"எந்திரிக்கவும் கூடாது."

"அதெப்படிங்க, ராஜாவுக்கு ஆள் வேணுமில்லீங்க?"

"இந்தக் கீரையை உருவிட்டே இருங்க, காப்பி கொண்டாறேன்," என்று அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முகூர்த்தம் இல்லை. கூடத்தின் நடுவே ராஜாவின் சிம்மாசனமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. பரிசல் ஓட்டும் பெண்ணாக நடிக்கும் கனிஷ்கா அதன் முன்னால் வந்து நின்றாள். திருமூர்த்திக்குக் கால் நிற்கவில்லை. துண்டை எடுத்து உதறிவிட்டார். பூங்கோதை தன் கனத்த பையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அவர் உட்கார்ந்துகொண்டார்.

"ராஜாவே! ஆற்றை விற்றுவிட்டீர்கள். இனி என் பரிசலை நான் எங்கே ஓட்டுவது?" என்று கேட்டாள் கனிஷ்கா.

ராஜா சொல்லவேண்டிய வரி திருமூர்த்தியின் நாக்கு நுனியில் நின்று துடித்தது.

அவள் மறுபடி கேட்டாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது முறை கேட்டபோது அவள் குரல் பிசிறியது. சிரித்தவர்களும் அடங்கிவிட்டார்கள்.

"டீச்சர், ராஜா இல்லாம நான் யாருகூடச் சண்டை போடறது?"

"அதான் எனக்கும் தெரியல கண்ணு."

"சார் பண்ணுவாருங்க."

"சார் இன்னிக்கு இல்ல."

மடியில் பையோடு அங்கேயே உட்கார்ந்திருந்த சார் தரையைப் பார்த்தார்.

கனிஷ்கா காலி நாற்காலியையே முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு நேராகத் திருமூர்த்தியிடம் வந்து கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க சார்."

கூடம் முழுக்கக் கேட்கும்படி அவள் பேசினாள்.

"டேய் தர்ஷா, கனிஷ்கா பேசறேன். எங்கடா இருக்கற? நோம்பின்னா என்னடா? ராத்திரி தங்கத்தான கூடாது? காலைல வந்துட்டுப் பொழுது சாயறதுக்குள்ள போயிரு. நான் இங்க வெறும் சேரைப் பாத்துக் கத்திட்டு நிக்கறேன், லூசு மாதிரி... என்னது? ஆருமே சொல்லலடா. உன்ற சேர் சும்மாதான் கெடக்குது."

அவள் போனை வைத்ததும் மந்திரியின் மகளாக நடிக்கிறவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் மூன்று படைவீரர்கள் முண்டியடித்தார்கள். திருமூர்த்தியின் போனில் அன்று சார்ஜ் தீர்ந்தது.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் ராஜா வந்து இறங்கினான். நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டு, தலையெல்லாம் சந்தனம்.

"ஐயோ, முடி!" என்று திருமூர்த்தி தலையில் கைவைத்தார்.

"ராஜா தலைப்பா கட்டிக்குவாருங்ணா," என்றாள் பூங்கோதை.

மந்திரி கோச்சிங் முடிந்து மதியத்துக்குமேல் ஓடிவந்தான். சேனாதிபதி வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து வந்துவிட்டான். அம்மை போட்ட வியாபாரியின் வசனத்தை இரண்டு பிள்ளைகள் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டார்கள். இதையெல்லாம் யாரும் திருமூர்த்தியைக் கேட்கவில்லை. ஞாயிறு மாலை வைத்திருந்த நாடகத்தையும் ராஜாவின் நோம்பிக்காகக் காலைக்கு மாற்றினார்கள். அதையும் பிள்ளைகளே முடிவு செய்துவிட்டுத்தான் அவரிடம் சொன்னார்கள்.

நாடகம் நன்றாகவே நடந்தது. கனிஷ்கா ராஜாவைக் கேட்ட கேள்விக்கு முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். தர்ஷன் கூட்டத்தின் கைதட்டலை அரைகுறையாக வாங்கிக்கொண்டு, தலைப்பாகையோடு பஸ்ஸுக்கு ஓடினான்.

எல்லாரும் போனபின் திருமூர்த்தி நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. ஒரு நாற்காலியை ஓங்கி வைத்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்ணா."

"மனசு ஆறமாட்டேங்குதுங்க. அந்தப் பையனுக்கு நான் எத்தனை வாட்டி போன் பண்ணியிருப்பேன்! வரலீங்க. இந்தப் பிள்ளை ஒரு வாட்டி கூப்புட்டா, முதல் பஸ்ஸுக்கு வந்து நிக்கறான். நான் ஒரு நாளும் அதட்டிக்கூடப் பேசுனதில்லீங்க. என்ற பேச்சுல என்னங்க குத்தம்?"

பூங்கோதை அவர் கையிலிருந்த நாற்காலியை வாங்கிச் சுவரில் சாய்த்தாள்.

"நீங்க கூப்புட்டப்ப அவன் உங்களை என்னங்ணா கேட்டான்?"

திருமூர்த்தி யோசித்தார். "'என்ற வசனத்தை ஆரு சார் சொல்றாங்க'ன்னு கேட்டானுங்க. ஒவ்வொரு வாட்டியும் அதைத்தான் கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாவம், பையன் நிம்மதியா நோம்பி பாக்கட்டும்னு... 'நீ கவலைப்படாத சாமி, நான் பாத்துக்கறேன்'னு சொன்னேனுங்க."

"அப்புறம் அவன் எதுக்குங்ணா வரணும்?" என்றாள் பூங்கோதை.