செவலைக்கு இரட்டைக் குட்டி

கூழாங்குளத்து இருளாயிக்குத் தம்பிகள் மூன்று பேர். சடையாண்டி, மொக்கராசு, ஒச்சப்பன். மூவரும் தங்கமான மனிதர்கள். சொன்ன பேச்சைத் தட்டமாட்டார்கள். ஊரில் அவர்களைப் பற்றி இருந்த ஒரே புகாரும் அதுதான்.

ஒருமுறை இருளாயி, "போதும்னு நான் சொல்ற வரைக்கும் தொட்டியில தண்ணி ஊத்துங்கடா" என்று சொல்லிவிட்டு, திடீரென்று ஒரு சாவுச் சேதி வர, அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டாள். மறுநாள் திரும்பியபோது தெருவில் வாத்து நீந்திக்கொண்டிருந்தது. மூன்று பேரும் குடத்தோடு நின்றிருந்தார்கள்.

"அக்கா, சொல்லிரு. கை கடுக்குது" என்றான் மொக்கராசு.

இப்பேர்ப்பட்ட மூவரின் கையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு குட்டியின் உயிர் வந்து சேர்ந்தது.

இருளாயியிடம் இருந்தது ஒரே ஆடு. பெயர் செவலை. இரண்டு முறை ஈன்று, இரண்டு குட்டியும் அன்றைக்கே போய்விட்டன. அதிலிருந்து கறிக்கடைக்காரர் வாரம் ஒருமுறை வேலியோரம் நின்று செவலையின் தொடையைப் பார்த்துவிட்டுப் போவார். "இந்தத் தடவை குட்டி தங்கலேன்னா கொடுத்துருறேன்" என்று இருளாயியும் மனமில்லாமல் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருந்தாள்.

மூன்றாவது ஈத்து காலை ஏழு மணிக்கு. ஒரே குட்டி. நனைந்த காலுறை மாதிரி வைக்கோலில் கிடந்தது. தலையைத் தூக்கவில்லை. செவலை ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் நமக்குப் பழக்கம்தான் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இருளாயி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அவள் போகாவிட்டால் நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகள் பட்டினி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிகளை வரிசையாக நிற்கவைத்தாள்.

"டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க. அவுக சொல்றதை மட்டும் செய்யுங்க. உங்க மூளையைப் போடாதீங்க, என்ன?"

"நாங்க எப்பக்கா போட்டோம்?" என்றான் சடையாண்டி. நியாயமான கேள்வி. அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

கால்நடை மருத்துவர் மரியபுஷ்பம் பக்கத்து ஊர்த் தடுப்பூசி முகாமில் இருந்தார். மூன்று மணிக்கு முன்னால் வர முடியாது. மாடுகளின் கத்தலுக்கு நடுவே செய்ய வேண்டியதையெல்லாம் போனிலேயே சொல்லி முடித்தார். கேட்டுக்கொண்டது மொக்கராசு. அவனுக்கு ஞாபகசக்தி அபாரம். கேட்டதில் ஓர் எழுத்து விடமாட்டான். அர்த்தம்தான் அவனிடம் தங்காது.

"முதல்ல காய்ஞ்ச துணியால குட்டியை நல்லாத் துடைங்க" என்று ஒப்பித்தான்.

சடையாண்டி தன் துண்டை எடுத்துத் துடைத்தான். ஒரு இழுப்புதான். துண்டு நனைந்துவிட்டது.

"நிறுத்துண்ணே! இது ஈரத்துணி. அவுக காய்ஞ்சதுன்னு சொன்னாக."

வேறு துண்டு வந்தது. அதுவும் குட்டியைத் தொட்டதும் ஈரமானது. கொடியில் கிடந்த வேட்டிகள், போர்வை, தலையணை உறை, இருளாயி பெட்டியில் வைத்திருந்த ஒரே பட்டுச்சேலை என்று ஒவ்வொன்றாக வந்து, ஆளுக்கொரு இழுப்பு இழுத்து, ஈரத்துணிக் குவியலில் சேர்ந்தன. கடைசியில் வீட்டில் காய்ந்த துணி என்று மிஞ்சியது அவர்கள் உடுத்தியிருந்தது மட்டும்தான். அதையும் அவிழ்த்தார்கள். சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு மூவரும் நிமிர்ந்தபோது குட்டி பஞ்சு மாதிரி உலர்ந்திருந்தது. ஆனால் அசையவில்லை.

"அடுத்தது?"

"குட்டி வாய்க்குள்ள விரலை வச்சுப் பாருங்க. உங்க வாயைவிட ஜில்லுன்னு இருந்தா ஆபத்து."

சடையாண்டி குட்டியின் வாயில் ஒரு விரலை வைத்தான். மறு கையின் விரலை மொக்கராசுவின் வாயில் வைத்தான். குட்டியுடையதுதான் ஜில்லென்று இருந்தது. சந்தேகத்துக்கு ஒச்சப்பன் வாயிலும் வைத்துப் பார்த்தான். முகம் மாறியது.

"டேய், இவனுக்கும் ஜில்லுன்னு இருக்குடா!"

ஒச்சப்பன் அப்போதுதான் மண்பானைத் தண்ணீர் ஒரு செம்பு குடித்திருந்தான். அதைச் சொல்ல முடியவில்லை. வாயில் அண்ணன் விரல் இருந்தது.

"ஆபத்துன்னா என்ன செய்யச் சொன்னாக?"

"உடம்போட அணைச்சு சூடு கொடுக்கணுமாம்."

"ரெண்டு பேருக்கும் ஆபத்து. ரெண்டையும் ஒண்ணா அணைச்சு வச்சிரு. வேலை மிச்சம்."

ஒச்சப்பன் பயந்துபோய்க் குட்டியைத் தூக்கப் போனான். மொக்கராசு பாய்ந்து தடுத்தான்.

"தொடாதே! இன்னொண்ணு இருக்கு. குட்டி மேல மனுச வாசனை படக்கூடாது. பட்டா தாயாடு சேர்க்காது."

கொட்டகையில் மூவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள்.

"மனுச வாசனை எங்கேயிருந்து வருது?" என்று தொடங்கினான் சடையாண்டி.

"மனுசன்கிட்ட இருந்துதான்."

"அப்ப மனுசன் இல்லாம அணைக்கணும்."

"அணைக்கிறவன் மனுசன்லண்ணே?"

"அதான் சிக்கல். நம்மள்ல யார்கிட்ட அது கம்மியா இருக்கு?"

ஒருவரை ஒருவர் மோந்து பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து குளிக்காத ஒச்சப்பன் எந்தப் போட்டியுமில்லாமல் வென்றான். அவன் வாழ்க்கையில் முதல் பரிசு. வெட்கத்தோடு சிரித்தான்.

"கம்மிதான். ஆனா இல்லாம இல்லையே" என்றான் சடையாண்டி. "அதை எதையாவது போட்டு மூடணும்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்த ஈரத்துணிக் குவியலைப் பார்த்தார்கள். குட்டியின் பனிக்குட நீரெல்லாம் அதில்தான் இருந்தது.

ஒச்சப்பனை உட்காரவைத்துத் தலையிலிருந்து கால்வரை சுற்றினார்கள். உச்சியில் பட்டுச்சேலையைக் கட்டினார்கள். அவன் மடிக்குள் குட்டியைச் செருகி, அதற்கும் மேல் போர்வையைப் போட்டு மூடினார்கள். கொட்டகை வாசலில் நல்ல வெயில் அடித்தது. அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. "உயிர் இருக்காடா?" என்று சடையாண்டி மெதுவாகக் கேட்டான். ஒச்சப்பன் வயிற்றோடு ஒட்டியிருந்த அந்தச் சின்ன நெஞ்சில் காதை வைத்ததுபோல அசையாமல் இருந்தான். அவன் கண் நிறைந்துவிட்டது.

"இருக்கு. ஆனா ரொம்பத் தூரத்துல அடிக்கிற மாதிரி இருக்குண்ணே."

வேலிக்கு வெளியே கறிக்கடைக்காரரின் சைக்கிள் மணி கேட்டது. எட்டிப் பார்த்தார். சாக்குக் கட்டிய இரண்டு ஆட்களையும் பட்டுச்சேலை கட்டிய ஒரு மூட்டையையும் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் செவலை எழுந்தது. மூக்கை நீட்டிக்கொண்டு மெதுவாக வந்தது. மூட்டையை ஒருமுறை சுற்றி வந்து மோந்தது. பிறகு ஒச்சப்பனின் நெற்றியை நக்கியது. காதை நக்கியது. கழுத்தை நக்கியது. தொண்டைக்குள் ஒரு முனகலோடு விடாமல் நக்கியது.

"சேர்த்துக்கிருச்சுடா!" என்று சடையாண்டி கத்தினான். "அவனைச் சேர்த்துக்கிருச்சு!"

நக்கிக்கொண்டே வந்த செவலை மடிக்குள் தலையைவிட்டது. உள்ளே இன்னொரு குட்டி. தனக்கு இரண்டு பிறந்ததை அது அப்போதுதான் கவனித்ததுபோலத் தெரிந்தது. அதையும் நக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து நூல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. 'ம்மே.'

மூவரும் அழுதார்கள். அழுது முடித்ததும் மொக்கராசு அடுத்ததைச் சொன்னான்.

"சீம்பால் உடனே உள்ளே போகணும். குட்டிக்குக் குடிக்கத் தெரியலேன்னா எப்படிக் குடிக்கணும்னு காட்டிக் கொடுங்க."

குட்டிக்குத் தெரியவில்லை. செவலையின் மடியைப் பார்த்துவிட்டு ஒச்சப்பன் முழங்காலைச் சப்பியது.

"காட்டுடா" என்றான் சடையாண்டி.

"நானா?"

"பிறகு நாங்களா? எங்க மேல மனுச வாசனை அடிக்குது."

மறுக்க வழியில்லை. ஒச்சப்பன் குனிந்து, இடப்பக்கக் காம்பில் செய்து காட்டினான். செவலை ஆட்சேபிக்கவில்லை. வாலைக்கூட ஆட்டியது. குட்டி தலையைச் சாய்த்து அவனைக் கவனமாகப் பார்த்தது.

"எப்படிடா இருக்கு?"

"கெட்டியா இருக்குண்ணே. ஒரு சிட்டிகை உப்பு போடலாம்."

மூன்றாவது முறை காட்டும்போது குட்டி தானாக எழுந்தது. விழுந்தது. எழுந்தது. வலப்பக்கக் காம்பைப் பிடித்துக்கொண்டது.

மூன்று மணிக்கு ஸ்கூட்டரில் டாக்டரம்மாவும், இருளாயியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். இருளாயி வாசலில் கால் வைக்கத் தைரியமில்லாமல் நின்றாள். பிறகு எட்டிப் பார்த்தாள். செவலையின் ஒரு பக்கத்தில் குட்டி, வாலைத் துடிக்கவிட்டபடி குடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கத்தில் அவளுடைய பட்டுச்சேலை குடித்துக்கொண்டிருந்தது.

"அடேய்!" என்றாள். அதற்கு மேல் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு குட்டியின் வாயில் விரல் வைத்துப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். "பிழைச்சிருச்சு. இது இனிமே சாகாது" என்றார். தொப்புளில் அயோடின் தடவினார். எழப்போனவரை மொக்கராசு மறித்தான்.

"டாக்டரம்மா, இன்னொண்ணுக்கு?"

"எந்த இன்னொண்ணு?"

ஒச்சப்பன் துணிகளை விலக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு தயாராக நின்றான். டாக்டரம்மா காலையிலிருந்து இருநூறு மாட்டுக்கு ஊசி போட்டுக் களைத்திருந்தார். வாதம் செய்யத் தெம்பில்லை. அவனுக்கும் தடவிவிட்டார்.

"இனி பதினஞ்சு நாளைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேற எதுவும் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

அன்று சாயங்காலம் இருளாயி சந்தோஷத்தில் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தெருவே மணத்தது. மூன்று தட்டு போட்டுச் சோற்றைக் குவித்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் சீம்பாலும் தவிர எதுவும் காணாத ஒச்சப்பன் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து உட்கார்ந்தான்.

சடையாண்டி அவன் தட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"உனக்கு இது ஆகாது."

"ஏண்ணே?"

"டாக்டரம்மா சொன்னதைக் கேட்டீல்ல? மொக்கை, ஒப்பிச்சுக் காட்டுடா."

மொக்கராசு ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தான்.

"கிறுக்குப் பயலுகளா, அவன் மனுசன்டா!" என்று கத்தினாள் இருளாயி.

"அது உனக்குத் தெரியும்க்கா, எங்களுக்கும் தெரியும்" என்றான் சடையாண்டி பொறுமையாக. "செவலைக்குத் தெரியக்கூடாது. குழம்பு வாசனையோட அங்க போனான்னா பெத்தவ மனசு என்ன பாடுபடும்?"

கொட்டகையிலிருந்து செவலை ஒரு குரல் கொடுத்தது. ஒச்சப்பன் குழம்பைப் பார்த்தான். கொட்டகையைப் பார்த்தான். பெருமூச்சு விட்டு எழுந்தான்.

இரண்டு எட்டு நடந்தவன் நின்று திரும்பினான்.

"பதினாறாம் நாள் தழை கொடுப்பாகள்ல, அது என்ன தழைன்னு டாக்டரம்மாகிட்ட இப்பவே கேட்டு வச்சிருங்கண்ணே. வேப்பந்தழைன்னா வேண்டாம்னு சொல்லுங்க. எனக்கு அது ஒத்துக்கிறாது."