புரிஞ்சுது மேடம்

அந்தப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் விடுதியின் மேல்மாடிக்கு 'சயின்ஸ் மாடி' என்று பெயர். அறிவியல் படிக்க வரும் முதலாண்டுப் பெண்களை அங்கே ஒன்றாகத் தங்கவைத்து, கூடவே ஓர் ஆராய்ச்சி மாணவியையும் குடிவைத்திருந்தார்கள். சேர்ந்து இருந்தால் சேர்ந்து படிப்பார்கள், பாதியில் விட்டுவிட்டு ஓடமாட்டார்கள் என்பது நினைப்பு. ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். மிச்சமெல்லாம் அந்த ஆராய்ச்சி மாணவி ஜெனோவாவின் தலையில் விழுந்தது.

பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் தன் ஆராய்ச்சியோடு மல்லுக்கட்டுவாள். சாயங்காலம் மாடி ஏறி, தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டு மிரண்டுபோயிருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாள். யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சிக்கும் அவள்தான், வீட்டு நினைப்பு வந்து அழுதால் சாய்ந்துகொள்ளவும் அவள்தான். பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பாள். "புரிஞ்சுது மேடம்" என்று மாடியே சேர்ந்து பதில் சொல்லும். அவளும் போய்க் கட்டிலில் விழுவாள்.

இன்டர்னல் தேர்வில் பாதிப் பேர் ஊத்திக்கொண்டார்கள்.

அதிலும் இசக்கியம்மாளின் விடைத்தாளைப் பார்த்து ஜெனோவாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உப்பளத்து ஊர்க்காரி அவள். 'புரிஞ்சுது' என்று முதல் ஆளாகச் சொல்கிறவளும் அவள்தான். தலையில் மூட்டையோடு அசையாமல் நிற்பவர் செய்யும் வேலை எவ்வளவு என்று இயற்பியல் தாளில் ஒரு கேள்வி. மூட்டை நகராவிட்டால் இயற்பியலுக்கு அது வேலையே இல்லை, பூஜ்யம் என்று ஜெனோவா ஒரு வாரமாகத் தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லியிருந்தாள். பிள்ளை, 'நிறைய வேலை, கழுத்து கடுக்கும்' என்று எழுதிவைத்திருந்தது.

விஷயம் ஊருக்குப் போனது. படிப்பு ஏறவில்லை என்றால் வந்துவிடு தாயி என்று அப்பா சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் கூட்டிப்போக வருகிறார். போனால் அத்தோடு சரி, அத்தை மகன் ஏற்கெனவே தயாராக இருக்கிறான்.

ஜெனோவா நேராக சுலைகா பேராசிரியையிடம் போனாள். அவளுடைய ஆராய்ச்சிக்கு கைடு அவர்தான், அந்த மாடிக்குப் பொறுப்பும் அவர்தான். அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் பதிலுக்கு எதையாவது செய்துவைப்பார். அதுதான் பதில் என்பது பல நேரம் நாலு நாள் கழித்துத்தான் உறைக்கும்.

சனிக்கிழமை மத்தியானம். அறையில் சுலைகா மட்டும் இருந்தார்.

"என்னை விட்டுருங்க மேடம். மாடிக்கு வேற யாரையாவது போடுங்க."

என்ன ஆச்சு என்று கேட்டதுதான் தாமதம், ஜெனோவா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். தேர்வு, மூட்டை, அப்பா, அத்தை மகன். தன் ஆராய்ச்சி பாதியில் கிடப்பதையும் சொன்னாள். தூங்கி எத்தனை நாளாயிற்று என்றுகூடச் சொன்னாள்.

"புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மேடம்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? ஏன் பொய் சொன்னா?"

"அவகிட்டயே கேக்க வேண்டியதுதானே."

"கேட்டேன். பெட்டி கட்டிட்டு இருந்தா. கேட்டதுக்குப் பதிலக் காணோம். 'நீங்க போய்ப் படுங்க மேடம்'ங்கிறா."

சுலைகா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"சட்டியில இருந்தாத்தானே மேடம் அகப்பையில வரும்? அந்தப் பிள்ளைக்கு அவ்வளவுதான்" என்றாள் ஜெனோவா. சொன்ன பிறகு அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"சாப்டியா?"

காலையில் குடித்த டீயோடு சரி. இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"வா."

விடுதி மெஸ்ஸில் பந்தி முடிந்து மேசைகளைத் துடைத்துவிட்டிருந்தார்கள். சமையல்கார அம்மாக்கள் பின்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். சுலைகா தானே ஒரு தட்டை எடுத்துவந்து ஜெனோவாவை உட்காரவைத்தார். மேசையோரம் இருந்த அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சோறு போட்டு ரசம் ஊற்றினார். பசி என்றால் அப்படி ஒரு பசி. ஜெனோவா மளமளவென்று அள்ளிப் போட்டுக்கொண்டாள். சுலைகா மறுபடி அண்டாவுக்குள் குனிந்தார். கரண்டி அடியில் பட்டு கரகரவென்று சுரண்டியது. ஒட்டிக்கொண்டிருந்த பருக்கையையெல்லாம் வழித்துத் தட்டில் போட்டார்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"போதும் மேடம்."

"வயிறு நிறைஞ்சுதா?"

"நிறைஞ்சிருச்சு மேடம்."

சுலைகா தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது தட்டு நிறையச் சோறு, ஆவி பறந்தது. பக்கத்தில் கூட்டும் அப்பளமும் வேறு. உள்ளே இன்னோர் அண்டா மூடின மூடி திறக்காமல் இருக்கிறது என்றார்.

"எனக்குத் தெரியாதே மேடம்."

"நிறைஞ்சிருச்சுன்னு ஏன் பொய் சொன்ன?"

ஜெனோவாவுக்குச் சிரிப்பு வந்தது. "அடி சுரண்டுற சத்தம் கேட்டுச்சு மேடம். அதுக்கு மேல கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு…"

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது.

சாக்பீஸை வைத்துவிட்டு, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தபடிதான் தினமும் அவள் "புரிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறாள். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்க்காமல் அவள் களைத்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது இத்தனை நாளும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சின்னப் பெண்ணைப் போய் என்ன வார்த்தை சொல்லிவிட்டோம் என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இசக்கியப் பாத்துட்டு வந்துடறேன் மேடம். அவங்கப்பா கிளம்பறதுக்குள்ள போன் போட்டுச் சொல்லணும்."

சுலைகா அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார். தட்டை மறுபடி அவள் முன்னால் நகர்த்தினார்.

"சாப்பிட்டுட்டு, ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சுப் போ. இந்த மூஞ்சியோட போய் நின்னா, 'ஊருக்குப் போறது எனக்குச் சந்தோஷம்தான் மேடம்'னு சொல்லிருவா."