குடிலுக்கு விதைத்த கேழ்வரகு

"அமலோற்பவம் டீச்சருக்கு மட்டும் நல்ல விதையாப் பார்த்துக் குடுத்துட்டீங்க சிஸ்டர்," என்றார் பிலோமினா டீச்சர்.

தலைமையாசிரியை சிஸ்டர் கிளாரா நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒரே பையிலேருந்துதானே அள்ளிக் குடுத்தேன்?"

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வேண்டும். அதற்காக அந்தப் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைக்கும். எந்தத் தட்டு நன்றாகப் பச்சை பிடிக்கிறதோ, அது கோவில் குடிலுக்குப் போகும். குழந்தை இயேசுவின் காலடியில் இருக்கும்.

வருஷா வருஷம் அமலோற்பவம் டீச்சரின் தட்டுதான் போனது.

இந்த வருஷமும் அவருடைய ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் விரல் உயரத்துக்குப் புல். பக்கத்து அறையில், பிலோமினா டீச்சரின் 'அ' பிரிவில் வெறும் மண். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இங்கே அக்கரை நிஜமாகவே பச்சை.

பிலோமினா டீச்சருக்கு வயிறு எரிந்தது. இத்தனைக்கும் அந்த மாதம் நற்பண்பு வகுப்பில் அவர் நடத்திய பாடம் பொறுமை.

"என் பிள்ளைங்க முகத்தைப் பார்க்க முடியலை சிஸ்டர். 'எப்பவும் அவங்கதானா டீச்சர்'னு கேக்குதுங்க."

"அப்ப தட்டை மாத்திக்குங்க."

"என்ன சிஸ்டர்?"

"அவங்க தட்டு உங்களுக்கு. உங்க தட்டு அவங்களுக்கு. நான் சொல்லிக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பிலோமினா டீச்சர் சொல்லவில்லை.

அமலோற்பவம் டீச்சர் சிரித்த முகத்தோடு தட்டைத் தூக்கிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பும் பிலோமினா டீச்சருக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் காலையில் பிலோமினா டீச்சர் மறுபடியும் சிஸ்டரிடம் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் பட்டுப்போச்சு சிஸ்டர். அங்க இருந்தவரைக்கும் பச்சைப்பசேல்னு இருந்துச்சு. எங்ககிட்ட வந்ததும் மஞ்சளாப் போச்சு. எங்க மொட்டைத் தட்டு அங்க போய் முளைச்சு நிக்குது. அவங்க என்னமோ பண்றாங்க சிஸ்டர்!"

"தண்ணி தெளிச்சீங்களா?"

"தினமும்."

"வெயில்ல வெச்சீங்களா?"

"வெச்சோம். அவங்களைவிட நல்லாவே பார்த்துக்கிட்டோம்."

சிஸ்டர் எழுந்து வெளியே நடந்தார். பிலோமினா டீச்சர் பின்னால் போனார்.

காலை வழிபாடு முடிந்திருந்தது. வழக்கமாக நகம் சோதிக்கும் நேரம். சிஸ்டர் நேராக 'ஆ' பிரிவின் வரிசைக்குப் போனார்.

"கையை நீட்டுங்க."

நீட்டினார்கள். எல்லாக் கைகளும் சுத்தம்.

அடுத்து 'அ' பிரிவு. நீட்டினார்கள். ஒவ்வொரு நகத்துக்குள்ளும் மண்.

"என்ன ஜெசிந்தா இது?"

"தட்டு மண்ணு சிஸ்டர்," என்றாள் முதலில் நின்ற பெண். "முன்னாடி, விதை முளைச்சிருச்சான்னு தினமும் கிளறிப் பார்ப்போம். இப்ப, வேர் எவ்வளவு விட்டிருக்குன்னு புல்லைப் பிடுங்கிப் பார்த்துட்டுத் திரும்ப நட்டு வெச்சுருவோம்."

"யார் சொல்லிக் குடுத்தா?"

ஜெசிந்தா தரையைப் பார்த்தாள்.

சிஸ்டர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வரிசையின் கடைசிக்கு வந்தார்.

அங்கே பிலோமினா டீச்சர் நின்றிருந்தார். தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தார்.