பந்தலுக்குப் பின்னால் தென்னங்கன்று

ஆற்றங்கரை யாருக்கு என்று வேங்கைமலை ராஜாவும் கீழ்நாட்டு ராஜாவும் பல வருஷமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். சமாதானம் பேசிவைக்கிறேன் என்று கடல் தாண்டி வந்த மகரகேது ராஜா நடுவில் ஒரு பந்தல் போட்டார். இரண்டு பக்கமிருந்தும் அவருக்கு விருந்து வந்தது. விருந்தும் நிற்கவில்லை, வெட்டும் நிற்கவில்லை.

மகனைப் போருக்கு அனுப்பிவிட்டுப் பந்தலுக்குத் தண்ணீர் சுமந்த சடைச்சிக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். “இவரா முடிச்சு வைப்பாரு?” என்று அவள் முணுமுணுத்தது மகரகேதுவின் காதில் விழுந்துவிட்டது. இரண்டு ராஜாக்களும் இருந்த சபையிலேயே அவளை நிறுத்தினார்.

“அடுத்த மாசம் போரை முடித்துவிட்டு ஊர் திரும்பப்போகிறவன் நான். என் மேல் குற்றம் இருந்தால் இப்போதே நிரூபி. இல்லையென்றால் சவுக்கடி!”

சடைச்சி கும்பிட்டாள். “தப்புத்தான் மகாராஜா. அடுத்த மாசமே கிளம்புறீங்கன்னா, பந்தலுக்குப் பின்னால நீங்க நட்ட தென்னங்கன்னுக்கு இனிமே தண்ணி எதுக்கு? பிடுங்கிப் போட்டுடவா?”

“தொட்டால் தொலைந்தாய்!” என்று அலறினார் மகரகேது. “அது காய்க்கவே இன்னும் ஆறு வருஷம் ஆகும்! நான் இளநீர் வெட்டிக் குடிக்க வேண்டாமா?”

ராஜாக்கள் இருவரும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு எழுந்து, நடுவில் யாரும் இல்லாமல், ஆற்றங்கரைப் பக்கம் சேர்ந்து நடந்தார்கள்.

சடைச்சி குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.