திரிகைப் பாட்டுக்கு வந்த பதில்

முன்னொரு காலத்தில், கேளுங்கள், கப்பல்கள் மனிதர்களை மூட்டைபோல் ஏற்றிப்போன காலத்தில், நடுக்கடலில் ஒரு கரும்புத் தீவு இருந்தது. போஜ்புரி நாட்டிலிருந்து சுக்னி என்றொருத்தி அங்கே வந்து இறங்கினாள். இடுப்பில் கைக்குழந்தை, நெஞ்சில் ஒரு திரிகைப் பாட்டு. வேறு சொத்து கிடையாது.

அவள் ஊரில் மாவரைக்கத் திரிகைக்கு இருபுறமும் இரண்டு பெண்கள் உட்காருவார்கள். ஒருத்தி ஓர் அடி பாடினால் எதிரே இருப்பவள் அடுத்த அடியை எடுக்க வேண்டும். தானியம் தீருமுன் நிறுத்தினால் வீட்டுக்கு ஆகாது. தீவில் சுக்னிக்கு எதிரே உட்கார யாருமில்லை. ஒரு மாலை, குடிசை வாசலில் கிடந்த திரிகையில் தானியத்தைப் போட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தனியாகவே அரைத்தபடி பாட ஆரம்பித்தாள்.

கரும்புக்காட்டுக்குள்ளிருந்து அடுத்த அடி வந்தது. ஊரில் விட்டுவந்த தங்கையின் குரல்!

"யாரது? புல்மதியா?"

"நான்தான் அக்கா. பாடு, பாடு, நிறுத்தாமப் பாடு."

பாவி மகள் பூரித்துப்போனாள். கடல் தாண்டித் தங்கை எப்படி வந்தாள் என்று யோசிக்க வேண்டாமா? மறுபடி பாடினாள், மறுபடி பதில் வந்தது. மடியைப் பார்த்தாள். குழந்தை வாயைத் திறந்து வீறிடுகிறது, சத்தமே இல்லை!

"முதல் அடிக்குச் சிரிப்பை எடுத்தேன். ரெண்டாவதுக்கு அழுகையை எடுத்தேன். மூணாவதுக்கு மூச்சை எடுப்பேன்" என்றது குரல்.

சுக்னி திரிகையை விட்டு எழப் பார்த்தாள். கையை இழுத்தாள், கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தானியம் அரைக்க அரைக்கக் குறையவில்லை. காற்றே இல்லை, கரும்பு மட்டும் அசைந்து அசைந்து கிட்டே வந்தது.

"அங்காயி!" என்று அலறினாள். அங்காயி தமிழ்நாட்டுக்காரி. ஒரே கப்பலில் வந்தவர்கள் சாகும்வரை உடன்பிறப்புகள். அவள் பக்கத்துக் குடிசை நோயலையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவன் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் வந்தவர்கள். கையில் தீயில் காய்ச்சிய ஆட்டுத்தோல் மேளம்.

"பாட்டை நிறுத்துக்கா!"

"முடியலடி! வாய் தானாத் திறக்குது. அடுத்த அடிக்குக் குழந்தை போயிடும்!"

"அதுக்கு உன் பாட்டுதானே தெரியும்? எங்க கும்மி தெரியாதில்ல? மாத்திப் பாடு!"

அம்மா கொடுத்த பாட்டை உடைப்பதா? சுக்னிக்கு அதுவும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தையின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. அங்காயி கும்மி தட்டினாள், நோயல் மேளத்தை அடித்தான். சுக்னி மூன்றாம் அடியைத் திரிகையின் தாளத்திலிருந்து பிடுங்கி மேளத்தின் மேல் போட்டாள். நடுவே அங்காயி தமிழ்ச் சொற்களை வீசினாள்.

குரல் பதில் எடுத்தது, தடுமாறியது. மறுபடி எடுத்தது, நாக்குக் குழறியது. மூன்றாம் முறை அது தங்கையின் குரலாகவே இல்லை. கல்லோடு கல் உரசுகிற உறுமல். பிறகு அதுவும் அடங்கியது. திரிகை இரண்டாகப் பிளந்தது. குழந்தை வீல் என்று கத்தியது. அந்த அழுகையைக் கேட்டு மூவரும் அழுதார்கள்.

குழந்தை வளர்ந்தாள், அந்தப் பாட்டுக்கே கல்யாணங்களில் ஆடினாள். பல வருஷம் கழித்து, சுக்னியின் நாட்டிலிருந்து இன்னொரு கப்பலில் வந்த சின்னப் பெண் ஒருத்தி சிரித்தாள்: "சின்னம்மா, இந்தப் பாட்டைத் தப்பாப் பாடுறீங்களே! எங்க ஊர்ல இப்படி..."

சுக்னி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"தப்பாவே பாடு மகளே. சரியாப் பாடினா பதில் வரும்."