எழுபத்தெட்டுப் படி

ஈரோட்டில் வஜ்ரவேலு மாஸ்டர் ஒரு ஜிம் நடத்தினார். சேர்வதற்குத் தரைத்தளத்தில் ஒரு கையெழுத்து போதும். விலகுவதற்கு நான்காம் மாடியில் அவர் அறைக்கு நேரில் போக வேண்டும். லிப்ட் மாஸ்டருக்கு மட்டும், உடற்பயிற்சி மற்றவர்களுக்கு. உடம்பு முடியாதவர்தான் விலகலாம் என்பது ஒப்பந்தம். எழுபத்தெட்டுப் படி ஏறி மூச்சு வாங்க நிற்பவரிடம் மாஸ்டர், "இவ்வளவு ஏறிட்டீங்க, உடம்புக்கு என்னங்க குறை?" என்று அன்போடு கேட்டுத் திருப்பி அனுப்புவார்.

சேலைக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று விற்கும் தெய்வநாயகத்துக்கு முட்டி வலி. சம்பளத்தில் மாதம் எண்ணூறு ரூபாய் ஜிம்முக்குப் போனது. இன்னும் பத்தொன்பது மாதம் பாக்கி. ஒரு மாலை அவரும் மாஸ்டர் முன் வந்து நின்றார்.

"ஏறி வந்துட்டீங்களே! அப்புறம் என்ன முட்டி வலி?"

"நான் எங்கங்க மாஸ்டர் ஏறினேன்? உங்க மெம்பருங்க ரெண்டு பேரு தூக்கிட்டு வந்தாங்க."

"எதுக்கு?"

"கீழ டம்பெல் ரெண்டே ரெண்டுங்க. வரிசையில பதினேழு பேரு. சும்மா நிக்கறதுக்குப் பதிலா என்னைத் தூக்கிப் பழகுங்கன்னேன். அறுபத்தெட்டுக் கிலோங்க, துருப்பிடிக்காத எடை."

கதவருகே இருவர் வியர்வையைத் துடைத்தபடி நின்றார்கள். "நாங்க சேர்ந்து ஏழு மாசத்துல இன்னைக்குத்தாங்க மாஸ்டர் உருப்படியா ஒரு பயிற்சி பண்ணினோம்" என்றார் ஒருவர்.

மாஸ்டர் விலகல் தாளில் கையெழுத்துப் போட்டார். தெய்வநாயகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிய இருவரும் இரண்டாம் மாடியில் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. விலக விரும்பிய அடுத்த மெம்பரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார்கள்.